கண்டிப்பான வீட்டில் வளர்ந்தவர்கள் கேட்டவை

கண்டிப்பான பெற்றோரிடமோ, அவர்களுக்குப் பதிலாக வளர்த்த உறவினரிடமோ கழிந்த சிறுபராயத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். மட்டக்களப்பில் ஆசிரியப் பணி செய்து, பின்னர் உளவளத்துணைக்கு வந்தவன் என்ற முறையில், வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லடி): குழப்படி செய்தால் அம்மம்மா என்னையே வேலிக்கு அனுப்பிக் கிளுவைக் கம்பு முறித்து வரச் சொல்வார். மெல்லிய கம்பு கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவார். இதைச் சொன்னால் அக்கா சிரிக்கிறார். நான் கூட்டிச் சொல்வதாகச் சொல்கிறார். என் நினைவு பிழையா?

பதில்: உங்கள் அக்காவுக்குக் கம்பு முறிக்கும் வேலை வராமலே இருந்திருக்கலாம். அம்மம்மாமார் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவில் கண்டிப்பவர்கள் அல்லர்.

நினைவு பெட்டியில் பூட்டி வைத்த பொருளல்ல என்பதையும், நினைக்கும் ஒவ்வொரு தடவையும் அதை ஓரளவு புதிதாகக் கட்டிக்கொள்கிறோம் என்பதையும் பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932 இலேயே எழுதிவிட்டார். 1995 இல் வெளியான எலிசபெத் லொஃப்டஸின் ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையை 24 பேரிடம் உறவினர் பெயரால் சொன்னபோது, ஏறத்தாழக் கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ தம் நினைவாக ஏற்றுக்கொண்டார்கள். இதைக் காட்டி உங்கள் நினைவைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. திரும்பத் திரும்ப நடந்தவற்றில் நாளும் உடுப்பும் சொல்லும் மாறிப் போகலாம்; நடந்தது என்ற அடிப்படை பெரும்பாலும் தங்கிவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். 1978 நவம்பர் 23 ஆம் திகதி சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. விடிந்ததும், வளவில் சரிந்து கிடந்த தென்னைகளில் தேங்காய் பொறுக்குவதற்காகத் தகரங்களின் மேல் வெறுங்காலோடு ஓடிய என்னை அம்மம்மா பிடித்து இழுத்து ஈர்க்குக் கட்டால் விளாசினார். அதன் பிறகு விறாந்தைப் படியில் இருத்தி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, உள்ளங்காலில் ஏறியிருந்த ஆணித் துண்டை ஊசியால் நெம்பி எடுத்தார். "செத்துப் போயிருப்பாய் மனே" என்று அவர் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. ஆனால் அந்த வார்த்தையை நானே கேட்டேனா, அம்மா பிற்காலத்தில் பலமுறை சொல்லிச் சிரித்ததால் கேட்டதுபோல் இருக்கிறதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. தழும்பு மட்டும் இருக்கிறது. அக்காவின் சாட்சியம் உங்களுக்கு வேண்டியதில்லை.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): எங்கள் வீட்டில் அடித்ததும் ஏசியதும் அம்மாவின் அண்ணன். அப்பா பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். மாமாவை விட அப்பாவின் மேல்தான் எனக்குக் கோபம்.

பதில்: இந்தக் கோபத்தை இந்தப் பகுதியில் நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். நம்மிடையே குடி எனப்படும் குலம் தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகின்றன. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பொறுப்பும் குடியைப் பார்த்தே அமைகிறது. இப்படியான வீட்டில், அந்தக் குடியின் மூத்த ஆண் என்ற உரிமையோடு தாய்மாமன் பிள்ளைகளைக் கண்டிக்கும்போது, வந்து சேர்ந்த மருமகனான உங்கள் அப்பா மனைவியின் சகோதரனை எதிர்த்து நிற்பது எளிதான காரியமாக இருந்திராது. அவருக்கு மனமில்லை என்றே நீங்கள் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறீர்கள், இடமில்லாமலும் இருந்திருக்கலாம். இதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதைச் செய்தால் இரண்டாவதையும் செய்தாக வேண்டுமோ என்ற பயத்தில் பலர் முதலாவதையே தவிர்க்கிறார்கள்.

கேள்வி (வாழைச்சேனை): ஆறு மணிக்குப் பின் படலை தாண்ட விடமாட்டார்கள். சிநேகிதன் வீட்டுக்கும் இல்லை, பந்து விளையாடவும் இல்லை. கேட்டால் காரணம் சொல்லாமல் அடி விழும். ஏன் சொல்லவில்லை?

பதில்: நீங்கள் வளர்ந்த ஆண்டுகளைக் குறிப்பிடவில்லை, யுத்த காலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சுற்றிவளைப்பும், ஊரடங்கும், பிள்ளைகளைக் கட்டாயமாக ஆட்சேர்ப்பதும் நடந்த ஊர்களில், காரணத்தைச் சொன்னால் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடும் என்ற பயமும் பெற்றோருக்கு இருந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொன்னார்கள். அம்மா இருக்கிறார் என்றால், "ஏன் அடித்தீர்கள்?" என்று தொடங்க வேண்டாம், "அந்த நேரம் யாருக்குப் பயந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): உம்மா வெளிநாட்டில் வேலை செய்தார். சாச்சி என்னை வளர்த்தார். அன்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

பதில்: அந்தக் காலத்தில் மத்திய கிழக்குக்குப் போனவர்களுக்குக் கடிதத்தோடு ஒலிநாடாவும் பதிந்து அனுப்புவார்கள். என்னிடம் வந்த ஒருவர் சொன்னார்: தாய்க்குப் பேசிப் பதியும்போது வளர்த்தவர் பக்கத்தில் இருந்து, "சுகமாக இருக்கிறேன் என்று சொல்" என்று தொடையில் தட்டுவாராம். அந்தத் தட்டலை அவர் இருபது வருடமாகக் கொடுமை என்றே சொல்லி வந்தார். தன் பிள்ளையை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சகோதரியின் பிள்ளை மெலிந்தால், படிக்காவிட்டால், வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்குக் கணக்குக் கேட்பார்கள். உங்கள் சாச்சி ஒவ்வொரு நாளும் கணக்குக் கொடுக்கும் நிலையில் இருந்தார். அந்த நிலையில் இருந்தவர்களுள் கொஞ்சியவர்களும் உண்டு, ஆகவே உங்கள் குறை குறைதான்.

கேள்வி (திருக்கோவில்): அடி வாங்கித்தான் நான் படித்து உத்தியோகம் எடுத்தேன். அடியாத மாடு படியாது. இன்று எல்லாரும் சட்டம் பேசுகிறார்கள்.

பதில்: உங்களோடு அதே பிரம்படி வாங்கி, எட்டாம் வகுப்போடு நின்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். 2016 இல் வெளியான, 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்றில், பிள்ளைகளை அறைவதும் தட்டுவதும் அவர்களிடம் நல்ல விளைவுகளைக் காட்டவில்லை. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே சொல்லிவிட்டது. பிள்ளையொன்று இப்போதும் அடிபடுவதைக் கண்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): அம்மாவுக்கு 82 வயது, மறதி நோய். "நான் உன்னை அடித்ததேயில்லை" என்கிறார். என் கையால்தான் அவரைக் குளிப்பாட்டுகிறேன். ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ள வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. உங்களைக் குற்றம் சாட்டவும் இல்லை. விசாரித்தால் ஏன் ஏசுகிறீர்கள் என்று தெரியாமல் பயப்படுவார், அடுத்த நாள் அதுவும் மறந்துபோகும், உங்களுக்கு மட்டும் இன்னுமொரு நினைவு மிஞ்சும். சொல்ல வேண்டியதைச் சகோதரரிடமோ, என்னைப் போன்ற ஒருவரிடமோ சொல்லுங்கள். பராமரிப்பதற்கு முதலில் மன்னித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. குளிப்பாட்டும்போது கை இறுகுவதாக உணரும் நாட்களில், வாளியை வைத்துவிட்டு வெளியே வந்து, அந்த வேலைக்கு வேறொருவரைக் கூப்பிடுங்கள்.