2,000 பீப்பாயில் உங்கள் நிறுவனத்துக்கு எத்தனை?

கேள்வி: ஈசூனில் வசிக்கிறேன். என் 20,000 வெள்ளி வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்கிறது. சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் சிறு நிறுவனங்களுக்கான கேட்டலிஸ்ட் பட்டியலில் உள்ள ஒரு சிறிய எண்ணெய் நிறுவனத்தின் பங்கு 9 காசுதான், வாங்கிப் போடுங்கள் என்கிறார் மைத்துனர். இந்தோனேசியாவில் நாளுக்கு 2,000 பீப்பாய் எடுக்கிறார்களாம். இனி எடுக்கக்கூடிய எண்ணெயாக நிலத்தடியில் 80 லட்சம் பீப்பாய் இருப்பு உள்ளதாம். எண்ணெய் விலை ஏறினால் பங்கும் ஏறும் என்கிறார். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: மைத்துனர் சொன்ன இரண்டு எண்களும் அநேகமாக வயல் முழுமைக்கும் உரியவை. அதில் நிறுவனத்தின் கைக்கு வருவது எவ்வளவு என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஆண்டறிக்கையில் இருப்புச் சுருக்க அட்டவணை ஒன்று இருக்கும். எண்ணெய், எரிவாயு, கனிம நிறுவனங்கள் அதை வெளியிட வேண்டும் என்பது சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையின் (எஸ்ஜிஎக்ஸ்) விதி. உரிமப் பகுதி முழுவதற்குமான அளவு ஒரு பத்தியிலும், நிறுவனத்துக்குச் சேரும் நிகர அளவு அடுத்த பத்தியிலும் இருக்கும். சென்ற முறையிலிருந்து எத்தனை விழுக்காடு மாறியது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டு அட்டவணைகளை அருகருகே வையுங்கள். எடுத்த எண்ணெயைவிட அதிகமாக இருப்பு குறைந்திருந்தால், முந்தைய மதிப்பீடு தாராளமாகப் போடப்பட்டது என்று பொருள்.

அதே அட்டவணையில் 1பி, 2பி, 3பி என்று பிரித்திருப்பார்கள். 1பி அளவாவது கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்பு, 2பி-க்கு 50, 3பி-க்கு 10. இவற்றுக்குக் கீழே 2சி என்று ஒரு வரி இருந்தால், அந்த எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் இலாபமாக எடுக்கும் வழி இன்னும் உறுதியாகவில்லை. அதை இருப்போடு கூட்டிப் பேசும் அறிவிப்பை நம்ப வேண்டாம்.

இனிப் பணக் கணக்கு. சிறு முதலீட்டாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். இவை விளக்கத்துக்காகப் போட்ட எண்கள். 2,000 பீப்பாயில் நிறுவனத்தின் பங்கு பாதி என்றால் நாளுக்கு 1,000, ஆண்டுக்கு 3,65,000 பீப்பாய். விற்பனை விலை 70 அமெரிக்க டாலர், எடுக்கும் செலவு 30. இந்தோனேசியாவின் பழைய உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களில் (எடுக்கும் எண்ணெயை அரசும் நிறுவனமும் பங்கிடும் ஏற்பாடு) செலவை முதலில் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சும் 40 டாலரில் வரிக்குப் பிறகு அரசுக்கு 85 விழுக்காடு, நிறுவனத்துக்கு 15. ஆக ஒரு பீப்பாய்க்கு நிற்பது 6 டாலர், ஆண்டுக்கு ஏறத்தாழ 22 லட்சம் டாலர். சிங்கப்பூர் அலுவலக வாடகை, இயக்குநர் ஊதியம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். புதுக் கிணறு தோண்டும் செலவு தனி. பிற்காலத்தில் அது மீட்கப்படும், ஆனால் பணம் முதலில் நிறுவனத்தின் பையிலிருந்து போகும்.

இப்போது எண்ணெய் 90 டாலருக்கு ஏறுகிறது என்று வையுங்கள். மிச்சம் 60, அதில் 15 விழுக்காடு 9 டாலர். விலை 20 டாலர் ஏறியதில் நிறுவனத்துக்குக் கிடைத்தது 3 டாலர்தான். இன்னொன்று: செலவை மீட்க இப்போது குறைந்த பீப்பாய்களே போதும் என்பதால், 70 டாலரில் 51 விழுக்காடாக (செலவு 30, பங்கு 6, ஆக 36 டாலர்) இருந்த நிறுவனத்தின் உரிமை, 90 டாலரில் 43-க்கு (30, 9, ஆக 39 டாலர்) இறங்குகிறது. எண்ணெய் விலை ஏறிய ஆண்டில் நிகர இருப்பு சுருங்கியதாக அறிக்கை சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். அரசு முதலிலேயே எடுக்கும் பங்கும், உள்நாட்டுச் சந்தைக்குக் குறைந்த விலையில் தர வேண்டிய எண்ணெயும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் மீதி இன்னும் குறையும்.

2017 முதல் அங்கே மொத்த உற்பத்தியை நேரடியாகப் பங்கிடும் வகை ஒப்பந்தமும் உண்டு. அதில் செலவு முழுதும் நிறுவனத்தின் தலையில். விலை ஏறினால் பலன் கூடுதல், இறங்கினால் அடியும் கூடுதல். எனவே எந்த வகை ஒப்பந்தம், எந்த ஆண்டு முடிகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 80 லட்சம் பீப்பாயை நாளுக்கு 2,000, அதாவது ஆண்டுக்கு 7,30,000 வீதம் எடுத்தால் 11 ஆண்டு வரும். ஒப்பந்தம் ஆறு ஆண்டில் முடிந்து, நீட்டிப்பு உறுதியாகாவிட்டால், அதற்குப் பிந்திய எண்ணெயை நிறுவனத்தின் இருப்பாகக் கொள்ள முடியாது.

உற்பத்தியும் நின்ற இடத்தில் நிற்காது. பழைய வயல்களில் அழுத்தம் குறையும், எண்ணெயோடு வரும் நீரின் விகிதம் ஏறும், கிணற்றுக்குள் இறக்கிய பம்புகள் பழுதாகும். ஆண்டுக்கு 15 விழுக்காடு சரிந்தால் 2,000 பீப்பாய் ஐந்தாண்டில் 890-க்கு வந்துவிடும். ஆனால் மின்சாரம், ஆட்கள், நீரைப் பிரித்து வெளியேற்றும் வேலை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் ஒரு பீப்பாய்க்கான செலவு ஏறிக்கொண்டே போகும். அறிவிப்புகளில் ஒரு கிணற்றின் முதல் நாள் ஓட்டத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் அதைத் தள்ளிவிட்டு, காலாண்டுச் சராசரியை எட்டுக் காலாண்டுக்கு எழுதிப் பாருங்கள்.

நம் சந்தையிலேயே இதற்குச் சான்று உண்டு. சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்டிருந்த கிரிஸ்எனர்ஜி, 2020 டிசம்பரில் கம்போடியாவின் அப்சரா வயலில் அந்நாட்டின் முதல் எண்ணெயை எடுத்தது. உச்சத்தில் நாளுக்கு 7,500 பீப்பாய் வரும் என்று எதிர்பார்த்தார்கள். கிணறுகள் அதில் பாதியைக்கூடத் தரவில்லை. கடன் சுமையும் சேர்ந்ததால் 2021 ஜூனில் நிறுவனத்தைக் கலைக்க விண்ணப்பிக்க நேர்ந்தது. எண்ணெய் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்த பங்குதாரர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடன் இல்லாத நிறுவனத்திலும் வேறொரு ஆபத்து உண்டு. பணம் தேவைப்பட்டால் புதுப் பங்கு வெளியிடுவார்கள். சந்தையின் முதன்மைப் பட்டியலான மெயின்போர்டில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுக் கூட்டத்தில் பெறும் பொது அனுமதியில், ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு வழங்காமல், இருக்கும் பங்குகளில் 20 விழுக்காடு வரை புதிதாக வெளியிடலாம். கேட்டலிஸ்டில் அது 50 விழுக்காடு வரை போகும், சந்தை விலையிலிருந்து 10 விழுக்காடு தள்ளுபடியும் தரலாம். ஆகவே கையிருப்புப் பணத்தை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். 12 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அடுத்த வெளியீடு தூரத்தில் இல்லை. ஐந்தாண்டுக்கு முன் எத்தனை பங்கு, இன்று எத்தனை என்பதையும் ஒப்பிடுங்கள். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றித் தணிக்கையாளர் ஐயம் எழுப்பியிருக்கிறாரா என்று பார்க்கவும் தவற வேண்டாம். கிணறுகளை மூடிச் சீரமைக்க ஒதுக்கிய தொகை குறிப்புகளுக்குள் கிடக்கும். அது கையிருப்பைவிடப் பெரிதாக இருந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

உங்கள் 20,000 வெள்ளி முழுவதையும் இதில் போடக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. மேலே சொன்னவற்றில் தேறினால், முழுதும் போனாலும் வீட்டுச் செலவைப் பாதிக்காத தொகை மட்டும், இரண்டாயிரம் வெள்ளி அளவுக்கு, போடலாம். வாங்கும்போது விலையை நீங்களே குறித்து ஆணையிடுங்கள். 9 காசுப் பங்கில் மிகச் சிறிய விலை நகர்வே 0.1 காசு, அதாவது ஒரு விழுக்காட்டுக்கு மேல். கடந்த மூன்று மாதத் தினசரி வர்த்தக அளவையும் பாருங்கள். நாளுக்குச் சில ஆயிரம் பங்குகளே கைமாறுகின்றன என்றால், விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்காது.