மும்பைக்கு அருகிலுள்ள வஜ்ரேஸ்வரியின் ஊற்றுநீர் ஏன் சூடாக இருக்கிறது? அங்கே தங்குமிடங்கள் எப்படி வந்தன?

நிலத்தடி நீர் ஆழத்தில் சூடேறித் தானாக மேலே வருவதே வெந்நீர் ஊற்று. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே கீழே இறங்குகிறது. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி கூடும். சூடான நீர் வேறொரு பிளவு வழியே விரைந்து ஏறினால் ஆறுவதற்குள் வெளியே வந்துவிடும். ஃபில்டரில் வெந்நீர் காபிப்பொடியின் சாற்றை இழுப்பதுபோல, வழியில் பாறையின் உப்புகளையும் அது கரைத்துக்கொள்கிறது.

தான்சா ஆற்றங்கரையில், அக்லோலியிலும் கணேஷ்புரியிலும் இந்த ஊற்றுகள் உள்ளன. 1739-இல் வசாய் கோட்டையைப் பிடித்த மராத்தியத் தளபதி சிமாஜி அப்பா, வேண்டுதலை நிறைவேற்ற வஜ்ரேஸ்வரி கோயிலைக் கட்டினார். இங்கே முதலில் கூடியது பக்தர் கூட்டம்தான். ஹோட்டல்களும் ரிசார்ட்டுகளும் பின்னால் வந்தவை. இந்த வரிசை முக்கியம்: இன்றும் பொதுக் குண்டங்கள் (ஊற்றுநீர்த் தொட்டிகள்) கோயில் சூழலில் இருப்பவை, நீச்சல்குளங்கள் அல்ல.

தாராவி, மாட்டுங்கா பக்கமிருந்து போகிறவர்கள் வசாய் ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். குண்டத்துக்குக் குண்டம் சூடு மாறும். முதலில் கால் நனைத்துப் பாருங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். தலைசுற்றல் வருவது இரத்த அழுத்தம் இறங்குவதால். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. கந்தக வாடை வீசினால் வெள்ளிக் கொலுசைக் கழற்றிவிடுங்கள், கறுத்துப்போகும்.

அடியில் எரிமலை கொதிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அப்படி இல்லை: தக்காணத்து எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையாகி 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.