ஆட்டிசமும் வளர்ப்பு விலங்குகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். நாய் வளர்த்தால் எல்லோரிடமும் பழகுவான் என்கிறார்கள், உண்மையா?

பதில்: எல்லோரிடமும் பழகுவான் என்று யாராலும் உறுதி தர முடியாது. 2012-இல் பிரான்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 5 வயதுக்குப் பிறகு வீட்டுக்கு விலங்கு வந்த பிள்ளைகளிடம் இரண்டு விஷயங்களில் முன்னேற்றம் தெரிந்தது: தன்னிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள்வது, வருத்தப்படுபவரைத் தேற்றுவது. ஆய்வாளர்கள் பிள்ளைகளின் நடத்தையில் பார்த்தவை 36 அம்சங்கள், மாறியவை இந்த இரண்டு மட்டும்தான். ஆனாலும் அடுத்தவர் மனநிலையைக் கவனித்து ஒரு குழந்தை தானாக எழுந்து போய்த் தேற்றுகிறது என்றால், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவே மாட்டேன்.

கேள்வி: மகள் பிறக்கும் முன்பே எங்கள் வீட்டில் பூனை உண்டு. அவள் அதைக் கண்டுகொள்வதே இல்லையே?

பதில்: அதே ஆய்வில், பிறந்ததிலிருந்தே விலங்கோடு வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை, அதனால் உங்கள் மகளிடம் குறை தேடாதீர்கள். அவளுக்கென்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு கோடு போட்டு, தினமும் ஒரே நேரத்தில் அந்தக் கோடு வரை அவளே நிரப்பட்டும். பழகியதும், "காதைப் பின்னால் மடக்கியிருக்கிறதே, பூனைக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் பார்த்தாலே போதும்.

கேள்வி: நாய் குரைத்தாலே என் பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறான்.

பதில்: அப்படியானால் நாய் வேண்டாம், யார் சொன்னாலும் சரி. 2013-இல் ஆஸ்திரேலியாவில் வகுப்பறைக்குக் கினிப்பன்றிகளை (பன்றியல்ல, முயல் போன்ற சிறிய வளர்ப்பு விலங்கு) கொண்டுவந்து ஓர் ஆய்வு செய்தார்கள். பொம்மைகள் இருந்தபோதைவிட அவை இருந்தபோது ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அதிகம் பேசினார்கள், முகம் பார்த்தார்கள், சிரித்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, மற்ற பிள்ளைகளும் இவர்களைத் தேடி அதிகம் வந்தார்கள் என்பதுதான், ஏனென்றால் பழகுவது இரண்டு பக்கமும் நடக்க வேண்டிய விஷயம், நாமோ எப்போதும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை மட்டுமே திருத்தப் பார்க்கிறோம். ஆனால் தீனி நேரத்தில் கினிப்பன்றியும் கீச்சென்று கத்தும், அதனால் வாங்கும் முன் தெரிந்தவர் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கட்டும்.

கேள்வி: எனக்கே ஆட்டிசம், வயது 26. மனிதர்களைவிடப் பூனையோடு இருப்பதுதான் நிம்மதி. தப்பா?

பதில்: தப்பே இல்லை. உங்கள் நிம்மதிக்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மகன் நாயை மூச்சு முட்டக் கட்டிப்பிடிக்கிறான். அது ஒன்றும் செய்யாமல் நிற்கிறது.

பதில்: சும்மா நிற்பதால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோதும் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "விடு" என்பதற்கான அறிகுறிகள். அந்த அழுத்தம் அவன் உடம்புக்குத் தேவைப்படலாம், அதற்குக் கனமான போர்வையோ பெரிய தலையணையோ கொடுங்கள், நாயைத் தோள்பக்கம் தடவப் பழக்குங்கள். இருவரையும் தனியே விடாதீர்கள். கடித்துவிட்டால் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வீட்டுக்கு நாய் வந்துவிட்டது, மகனின் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். நாயைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறான் என்றால் அதைப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், அதையே வைத்து அவர் பாடம் நடத்துவார்.