ஜெயிலுக்குப் போய்வருகிற மாப்பிள்ளை

கேள்வி: என் மகன் இதழியல் படித்து முடித்திருக்கிறான். வங்கி வேலைக்குப் போ என்றால் காதில் வாங்கவில்லை. சிறைச்சாலை, கோர்ட், போலீஸ் காவல் இவற்றைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன் என்கிறான். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் வக்காலத்து வாங்கவா இவ்வளவு செலவழித்துப் படிக்கவைத்தோம்? நாளைக்குப் பெண் கேட்டுப் போனால், ‘மாப்பிள்ளை அடிக்கடி ஜெயிலுக்குப் போய்வருகிறவராமே’ என்பார்கள். நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்.
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: சொல்கிறேன், ஆச்சி. ஆனால் அவனுக்கு முன்னால் உங்களிடம் சில வார்த்தைகள்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய பேரேடு ஒன்றாவது கிடக்கும். அசலையும் வட்டியையும் கட்டித் தீர்த்தவனிடம் பத்திரத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்த கடையை உங்கள் ஐயா காலத்தில் யாராவது மதித்திருப்பார்களா? விலாசமே கெட்டுப்போயிருக்கும். 1979-இல் பீகார் சிறைகளில் நடந்தது அதுதான். குற்றம் நிரூபணமானால் அதிகபட்சம் எத்தனை ஆண்டு தண்டனையோ, அதைவிடக் கூடுதலான காலத்தை விசாரணையே தொடங்காமல் பலர் உள்ளே கழித்துக்கொண்டிருந்தார்கள். ஜாமீனுக்குக் கட்டப் பணமில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டு ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் எழுதியவர் யார் தெரியுமா? கே. எஃப். ருஸ்தம்ஜி. எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவர், போலீஸ்காரர். திருடனுக்கு வக்காலத்து வாங்குகிற ஜாதகம் அவருக்கில்லை. அந்தக் கட்டுரைகளைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு அப்படிப் பிறந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று தீர்ப்பும் வந்தது.

அத்தோடு சரியாகிவிட்டதா? 2022 இறுதியில் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அரசின் குற்ற ஆவணக் காப்பகமே தரும் கணக்கு இது. நான்கில் மூன்று பேரைக் குற்றவாளி என்று இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் மும்பைச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களில் ஐந்து பேர், லாக்கப்பில் போலீசார் தங்களைத் தாக்கியதாகச் சொன்னார்கள். அவர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். பெண்களைத் தனி லாக்கப்பில், பெண் காவலர் பொறுப்பில்தான் வைக்க வேண்டும் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு அந்தச் சந்திப்புதான் காரணம். 2024 அக்டோபர் 3 அன்று, சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் பிரிவுகளை அதே நீதிமன்றம் செல்லாதவையாக்கியதே, அதுவும் சுகன்யா சாந்தா என்ற நிருபர் எழுதி, அவரே மனுதாரராக நின்று நடத்திய வழக்கு. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்துவைத்த கதையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஏதோ வடக்கே நடந்த சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

பாளையங்கோட்டைகூட உங்களுக்குத் தூரம். மடப்புரம்? உங்கள் சிவகங்கை மாவட்டம்தான். 2025 ஜூனில், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துப்போன கோயில் காவலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை. அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து வீடியோ எடுத்திராவிட்டால், அந்தச் சாவு நாலு வரிச் செய்தியாகப் போயிருக்கும்.

நாலு வரிச் செய்தி எப்படி எழுதப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்; நானே எழுதியிருக்கிறேன். சின்ன வயதில் நிருபராக இருந்தபோது, ஸ்டேஷனில் தந்த குறிப்பை அப்படியே பார்த்தெழுதி, வீட்டு வேலை செய்த ஒரு பையனை ‘நகைத் திருடன்’ என்று படத்தோடு போட்டேன். நகை அந்த வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. அதை நான் எழுதவில்லை. அது செய்தியில்லை என்று அப்போது நினைத்தேன். பிடிபட்டவர்களெல்லாம் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு படத்துக்கு நிற்கிறார்களே, அந்தக் கழிப்பறைத் தரையை ஒரு நிருபராவது போய்ப் பார்த்ததுண்டா? உங்கள் மகன் பார்க்கட்டும்.

இப்போது அவனுக்கு. தம்பி, சிறை என்றதும் தூக்குமேடைக் கைதியின் கடைசி ஆசையும் தாதாவின் பேட்டியும் கனவில் வந்தால், அம்மா சொன்னபடி வங்கிக்கே போய்விடு. உன் வேலை பெரும்பாலும் தேதி பார்ப்பது. எந்தப் பிரிவில் வழக்கு, ரிமாண்ட் எப்போது, எத்தனை வாய்தா, வழிக்காவலுக்கு ஆளில்லை என்று எத்தனை முறை கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் எத்தனை நாள் உள்ளே. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைக் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதில் சேராது. இந்த வகுத்தல் கணக்கை உன் ஊர்க் கிளைச் சிறையில் யாராவது போட்டுப் பார்க்கிறார்களா என்று விசாரி. செய்தி அங்கே இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் வீட்டுக்கும் போ. கைதியை மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவனிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

சம்பளம் குறைவு, ஆச்சி. அதில் உங்கள் கவலை நியாயம்; ஒளிக்க மாட்டேன்.

பெண் வீட்டார் விஷயம்: 1942 ஆகஸ்டில், திருவாடானைச் சிறையை மக்கள் திரண்டு போய் உடைத்துச் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். உங்கள் பக்கத்து மனிதர்தான் அவர். அன்றைக்கு ‘ஜெயிலுக்குப் போனவர்’ என்று யாரும் பெண் தர யோசித்ததாக நான் கேள்விப்படவில்லை. உங்கள் மகன் போவதோ மாலைக்குள் திரும்பிவருகிற ஜெயில்.

அடுத்த வாரம் அவனை என்னிடம் அனுப்புங்கள். முதல் பத்து நாள் உள்ளே போக வேண்டாம். மனுப் போட்டுக் கைதியைப் பார்க்க வந்து வாசலில் காத்து நிற்கும் தாய்மார்களோடு நின்றுவிட்டு வரட்டும். கையில் ஒரு குறிப்பேடு போதும்.