நவூரு போன்ற குட்டித் தீவு பசிபிக் விளையாட்டுப் போட்டிகளில் எப்படிப் பதக்கம் வெல்கிறது?

பசிபிக் தீவு நாடுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பல விளையாட்டுகளில் மோதும் திருவிழாதான் பசிபிக் விளையாட்டுப் போட்டிகள். 1963இல் ஃபிஜியின் சுவா நகரில் தொடங்கியது. நவூருவின் பரப்பு வெறும் 21 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 12,000 பேர். அங்கே நல்ல கால்பந்து அணி ஒன்றைத் திரட்டுவதே பெரும்பாடு.

பளுதூக்குதல் அப்படியில்லை. ஒரு ஆள், ஒரு பயிற்சியாளர், கொஞ்சம் இரும்பு போதும். அதோடு ஒவ்வொரு எடைப் பிரிவிலும் மூன்று முறை பதக்கம் தருவார்கள்: ஒரே வீச்சில் தூக்குவதற்கு, தோளில் நிறுத்தித் தூக்குவதற்கு, அப்புறம் இரண்டின் கூட்டுக்கு. அதாவது ஒருவரே மூன்று தங்கம் வெல்லலாம்! பத்து வகை பலகாரம் போட ஆளில்லாத சின்னக் கடை, பரோட்டாவை மட்டும் பிரமாதமாகப் போட்டுப் பேர் வாங்குவது போலத்தான்.

இதில் வழிகாட்டியவர் நவூருவின் பளுதூக்கும் வீரர் மார்கஸ் ஸ்டீபன். 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர், 2007இல் நாட்டின் அதிபரே ஆனார். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டுக் கதை இது.

நவூருவை ஆஸ்திரேலியாவின் ஒரு பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1968 முதல் அது தனி நாடு. வீரர்கள் இறங்குவது சொந்தக் கொடியோடுதான்.