பட்டியலில் இருக்கிறது, படத்தில் காணோம்: மறைபொருள் விளையாட்டுகள் பற்றிய கேள்வி பதில்

பொருள்கள் இறைந்து கிடக்கும் ஒரு படம், பக்கத்தில் ஒரு பட்டியல், நடுநடுவே பூட்டுகளும் புதிர்களும், இவற்றையெல்லாம் கோக்கும் ஒரு கதை. ஹிட்டன் ஆப்ஜெக்ட் என்று பலரும் சொல்லும் இந்த மறைபொருள் விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக விடாமல் ஆடி வருகிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு பொருள்களில் பத்து சட்டென்று கிடைத்துவிடுகின்றன. கடைசி இரண்டுக்கு அரை மணி நேரம் போகிறது. எனக்குக் கவனம் போதவில்லையா?

உங்கள் கவனத்தில் குறையில்லை. அந்த இரண்டையும் கண்ணில் படாதபடி ஒருவர் மெனக்கெட்டு வரைந்திருக்கிறார்.

பச்சைப் பந்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் பந்து கிடந்தால், பந்துகள் பத்தானாலும் நூறானாலும் அது தானாகவே கண்ணில் குத்தும். சிவப்புச் சதுரங்களும் பச்சைப் பந்துகளும் கலந்து கிடக்கும் குவியலில் ஒரு சிவப்புப் பந்தைத் தேடச் சொன்னால், ஒவ்வொன்றாகத்தான் பார்த்துச் செல்ல வேண்டும். நிறமும் வடிவமும் சேர்ந்தால்தான் அது எதுவென்று முடிவாகும். ஆன் டிரீஸ்மன், கேரி கெலாட் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் இதை விளக்கி எழுதினார்கள். மறைபொருள் ஓவியர் செய்வதும் இதுதான்: தேடும் பொருளுக்குப் பக்கத்துப் பொருளின் நிறத்தைக் கொடுப்பார், இன்னொன்றின் வடிவத்தையும் கொடுப்பார்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். பழைய நூலகம். பட்டியலில் புல்லாங்குழல் மட்டும் மிச்சம். அலமாரி, மேசை, தரைவிரிப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. முன்னால் ஒரு மர நாற்காலி, அதன் முதுகில் நான்கு செங்குத்துச் சட்டங்கள். மூன்று சட்டங்களில் கடைந்தெடுத்த வளையங்கள் இருந்தன. நான்காவதில் வளையம் இல்லை. ஆறு சிறு துளைகள் இருந்தன. அதுதான் குழல். நாற்காலியை நான் குறைந்தது பத்து முறை பார்த்திருப்பேன். ‘நாற்காலி’ என்று மனம் பெயர் வைத்துவிட்டதால் அதற்குள் பார்க்கவே இல்லை.

அதனால் மிச்சமிருக்கும் இரண்டு பொருள்களுக்கு என் வழி இது. பொருளைத் தேடுவதை நிறுத்துங்கள்; பெரிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் உறுப்புகள் அதற்கு உரியவைதானா என்று கேளுங்கள். நான்கு கால்களும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? திரைச்சீலையின் மடிப்பு ஒன்று மட்டும் ஏன் நேராக விழுகிறது? சுவர்த்தாளின் பூவேலையில் ஒரு பூவுக்கு ஏன் கைப்பிடி இருக்கிறது? அளவையும் நம்பாதீர்கள். யானை கட்டைவிரல் அளவில் இருக்கும், ஊசி தூண் உயரத்துக்கு நிற்கும்.

கண்ணை அலையவிடாமல், ஒரு பக்கத்தை வாசிப்பதுபோல மேலிருந்து கீழே வரிவரியாக நகர்த்துவதும் உதவும். நம் பார்வையில் கூர்மையாகத் தெரியும் வட்டம் மிகச் சிறியது, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான். மற்ற இடமெல்லாம் தெரிவதுபோல் தோன்றுகிறதே தவிர, கூர்மையாகத் தெரிவதில்லை.

கேள்வி: விளையாட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. பொருள் கண்முன்னே இருந்தும், பெயர் தெரியாததால் விட்டுவிடுகிறேன். என்ன செய்யலாம்?

இதை நான் முக்கியமான கேள்வியாக நினைக்கிறேன், ஏனென்றால் இதனாலேயே பலர் ‘இது எனக்கு வராது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது கண்ணின் குறை அல்ல, சொல்லின் குறை. சொல்லைக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டுகளுக்குப் பழைய பட்டறைகளும் பரண்களும் பிடிக்கும். ஆகவே அந்தக் காலக் கருவிகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தைம்பிள் என்றால் தைக்கும்போது விரல் நுனியில் மாட்டும் சிறு உலோகத் தொப்பி. ஆல் என்றால் தோலில் துளையிடும் குத்தூசி. பெல்லோஸ் என்றால் துருத்தி. சிக்கிள் என்றால் கதிர் அரிவாள். ஆன்வில் என்றால் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை. முப்பது நாற்பது சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பெரும்பாலான பட்டியல்களைச் சமாளித்துவிடலாம்.

இதைவிடத் தொல்லை தருவது இரட்டைப் பொருள். பேட் என்றால் பந்தடிக்கும் மட்டையா, வௌவாலா? நெயில் என்றால் ஆணியா, நகமா? கிரேன் என்றால் பளுதூக்கியா, கொக்கா? போ என்றால் வில்லா, ரிப்பன் முடிச்சா, வயலின் வாசிக்கும் கோலா? பிளேன் என்று இருந்தால் விமானத்தைத் தேடி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்; தச்சரின் இழைப்புளி மேசையில் கிடக்கும். இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே பயன்படுத்தும் ஓவியர்களும் உண்டு. ஒரு சொல்லுக்கு உங்களுக்குத் தெரிந்த பொருள் படத்தில் இல்லையென்றால், முதலில் சொல்லைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று: பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அது நேரடியாகக் கிடைக்காது. ‘எரியும் மெழுகுவத்தி’ என்று இருந்தால் தீப்பெட்டியை எடுத்து மெழுகுவத்தியின் மேல் வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால்தான் தெரியும் பொருள்களும் இந்த வகைதான்.

கேள்வி: பொருள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஹின்ட் பொத்தானை அழுத்தினால் தோற்றதுபோல இருக்கிறது.

அழுத்துங்கள். அழுத்திய பிறகு மட்டும் ஒரு வேலை செய்யுங்கள்: பொருள் மறைவதற்கு முன், அது ஏன் கண்ணில் படவில்லை என்று மூன்று விநாடி பாருங்கள். நிறமா, அளவா, பாதி மறைவா, பெயரா? அடுத்த படத்தில் ஹின்ட் தேவைப்படுவது குறையும். நான் கற்றுக்கொண்டதில் பாதி இப்படி வந்ததுதான்.

கேள்வி: நகர்த்தும் கட்டப் புதிரில் எல்லாத் துண்டுகளும் சேர்ந்துவிட்டன. கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி நிற்கின்றன. எத்தனை மணி நேரம் நகர்த்தினாலும் சரியாகவில்லை. விளையாட்டில் பிழையா?

பிழை இல்லை. இதற்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வெற்றிடமும் பதினைந்து எண் கட்டங்களும் கொண்ட பழைய புதிரில், இரண்டு கட்டங்கள் மட்டும் இடம் மாறி, மற்றவை எல்லாம் சரியாக இருக்கும் நிலையிலிருந்து ஒருபோதும் விடைக்குப் போக முடியாது என்று 1879இலேயே நிரூபித்துவிட்டார்கள். அமைக்கக்கூடிய நிலைகளில் சரிபாதி எட்டவே முடியாதவை.

அப்படியானால் உங்கள் திரையில் அந்த நிலை எப்படி வந்தது? உங்கள் படத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு துண்டுகள் இருக்கும். வெறும் வானம், அல்லது வெறும் கருப்பு. அவற்றை ஒன்றின் இடத்தில் ஒன்றாக வைத்திருக்கிறீர்கள். கண்ணுக்கு அவை சரி, விளையாட்டின் கணக்கில் தவறு. அந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். முன்பு சேராத இரண்டும் சேர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட நாளை நான் மறக்கவில்லை. அதுவரை இத்தகைய புதிர் ஒவ்வொன்றையும் ஸ்கிப் செய்துகொண்டிருந்தேன்.

துண்டுகளை அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. மேல் வரிசையை முதலில் முடியுங்கள், பிறகு அதைத் தொடாதீர்கள். வரிசையின் கடைசி இரண்டு துண்டுகள்தான் படுத்தும். நான்கு கட்ட வரிசையென்றால், மூன்றாம் துண்டை வலது மூலையில் வையுங்கள், நான்காம் துண்டை அதற்கு நேர் கீழே வையுங்கள். வெற்றிடத்தை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மூன்றை இடப்பக்கம் தள்ளி, நான்கை மேலே தள்ளினால் இரண்டும் ஒரே வீச்சில் உட்கார்ந்துவிடும். மூன்று கட்ட வரிசைக்கும் இதே வழிதான்.

கேள்வி: ஒரு விளக்கை அழுத்தினால் பக்கத்து விளக்குகளும் சேர்ந்து மாறும் புதிர்?

இரண்டு உண்மைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் அழுத்தினாலும் பலன் ஒன்றுதான். ஒரே பொத்தானை இருமுறை அழுத்தினால் அழுத்தாததற்குச் சமம். ஆக, எந்தெந்தப் பொத்தான் என்பது மட்டுமே கேள்வி.

எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் நேர் கீழே உள்ளதை அழுத்துங்கள். முதல் வரிசை அணைந்துவிடும். இரண்டாம் வரிசைக்கும் அப்படியே. கடைசி வரிசையில் ஏதாவது எரிந்தபடி நின்றால், மேலே போய் முதல் வரிசையில் ஒன்றை அழுத்திவிட்டு மறுபடி கீழே இறங்குங்கள். மூன்றுக்கு மூன்று பலகையில் முதல் வரிசையை அழுத்த எட்டே விதங்கள்தான் உண்டு (எதையும் அழுத்தாததும் சேர்த்து). அழுத்தியதும் அதுவும் அதன் மேல், கீழ், இடம், வலம் உள்ளவையும் மாறும் வழக்கமான புதிர் என்றால், அந்த எட்டில் ஒன்று கட்டாயம் பலிக்கும்.

கேள்வி: கதை நடுவே நின்றுவிடுகிறது. எங்கே போவது, எதை எடுப்பது என்றே தெரியவில்லை. பத்து இடங்களையும் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

சுற்றுவதை நிறுத்திவிட்டு, கீழே உள்ள பொருள்பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பாருங்கள். சிலவற்றின் மூலையில் கூட்டல் குறி இருக்கும். அது இன்னும் முழுமையாகாத பொருள் என்பதற்கு அடையாளம். அதைத் தொட்டால் என்னென்ன குறைகிறது என்று காட்டும். இது தெரியாமல் ஒருமுறை நான் பிடியில்லாத சுத்தியலை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வரைபடம். செய்ய வேண்டியது மிச்சமிருக்கும் இடத்துக்கு ஆச்சரியக்குறியோ வேறு நிறமோ கொடுக்கும் விளையாட்டுகள் நிறைய உண்டு. கடினமான நிலையைத் தேர்ந்திருந்தால் இந்த உதவி இருக்காது. பிறகு நாட்குறிப்பு. பூட்டின் எண், மணி அடிக்கும் வரிசை, சின்னங்களின் வரிசை ஆகியவை பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே தாண்டி வந்த ஒரு பக்கத்தில் இருக்கும். மூன்று இலக்கப் பூட்டுக்கு ஆயிரம் எண்கள்; ஊகித்துத் திறக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறப் புதிர்கள் வந்தால் விளையாட்டையே மூடிவிடுகிறேன்.

மூட வேண்டாம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் மூன்றின் அமைப்புகளிலும் அணுகல் வசதிகள் பகுதியில் நிறத் திருத்தம் அல்லது நிற வடிகட்டி இருக்கிறது. உங்கள் வகைக்கு உரியதைத் தேர்ந்தால், குழம்பும் நிறங்கள் விலகித் தெரியும். அதிலும் தெரியாத புதிரை ஸ்கிப் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. உங்களால் பார்க்க முடியாதபடி அதை அமைத்தவர் வடிவத்தையோ குறியையோ சேர்த்திருக்க வேண்டும்; அந்தக் கடமை அவருடையது.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இந்த வகையைப் பரவலாக்கியது பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’. அதில் தேடுவதுதான் முக்கிய வேலை. 2006இல் வந்த ‘ரேவன்ஹர்ஸ்ட்’ பூட்டுப் புதிர்களையும் கனமான கதையையும் சேர்த்தது. 2008இல் வந்த அதன் தொடர்ச்சியில் வீட்டுக்குள் இடம் இடமாக நடந்து போகிறோம். இன்று நாம் ஆடும் வடிவத்தை அதில் தெளிவாகவே பார்க்கலாம். வரலாறு பிடித்தவர்கள் இந்த வரிசையில் ஆடிப் பார்க்கலாம்.

முதல் விளையாட்டாக நான் பரிந்துரைப்பது போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனத்தின் ‘நைட்மேர்ஸ் ஃப்ரம் த டீப்’. புதிர்கள் நியாயமானவை, படங்கள் தெளிவானவை, சில மாலைகளில் முடிந்துவிடும். பேய், இருட்டு வேண்டாம் என்றால் 2017இல் வந்த ‘ஹிடன் ஃபோக்ஸ்’. கையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், கால வரம்பு கிடையாது, வரும் ஒலிகள் எல்லாம் வாயாலேயே எழுப்பியவை. ஒரு புதரை விலக்கினால் அது எழுப்பும் சத்தத்துக்காகவே மறுபடி விலக்குவீர்கள். தேடுவதைவிடப் புதிர்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு 2012இன் ‘த ரூம்’.

இலவசமாகக் கிடைக்கும் ‘ஜூன்ஸ் ஜர்னி’ போன்றவை வேறு வகை. ஒரே படத்தைப் பலமுறை ஆடி நட்சத்திரம் சேர்க்க வேண்டும், சக்தி தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். அங்கே தேடும் திறனைவிட எது எங்கே இருக்கும் என்ற நினைவுதான் வேலை செய்கிறது. எனக்கு ஒருமுறை வாங்கி முழுக்கதையையும் ஆடுவதுதான் நிறைவாக இருக்கிறது.

கேள்வி: ஞாபக சக்தி வளரும் என்கிறார்களே?

மறைபொருள் தேடுவதில் நிச்சயம் தேர்ச்சி வளரும். அது அப்படியே வாழ்க்கையின் மற்ற வேலைகளுக்கும் தாவும் என்று நம்பி ஆடாதீர்கள். பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஆடினால் கண் எரிகிறது.

உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். இருட்டறையில் ஆடாதீர்கள். பழைய விளையாட்டுகள் அகலத்திரையில் இழுபட்டுத் தெரிந்தால், அமைப்புகளில் அகலத்திரைத் திருத்தத்தை இயக்குங்கள். பக்கங்களில் கறுப்புப் பட்டை வந்தாலும் படம் தன் வடிவுக்குத் திரும்பும். எரிச்சல் நீடித்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது. ஆசையாகப் பார்க்கிறார், ஆனால் கை நடுங்குவதால் தவறான இடத்தில் பட்டுவிடுகிறது. திரை அதிர்ந்ததும் பயந்து விலகிவிடுகிறார்.

அந்த அதிர்வு, தவறாகத் தொட்டதற்கான தண்டனை. தொடக்கத்தில் எளிய நிலையைத் தேர்ந்தால் பெரும்பாலும் அது இருக்காது. சில விளையாட்டுகளில் நிலையை நாமே அமைக்கலாம். அங்கே அந்தத் தண்டனையை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை விட்டுவைக்கலாம். மவுஸைவிடப் பெரிய டேப்லெட் அவருக்கு எளிது. அதை மேசையில் கிடத்தி, மணிக்கட்டை விளிம்பில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் சில நாள்கள் நீங்கள் பட்டியலை வாசியுங்கள், அவர் தேடட்டும். பெயரைத் தமிழில் சொல்லுங்கள். துருத்தி, இழைப்புளி என்றால் நம்மில் பலர் யோசிப்போம். அவர் விரல் நேராக அங்கே போய் நிற்கும்.