வாடகை, அட்வான்ஸ், கைமாற்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டைக் காலி செய்து நான்கு மாதமாகிறது. சுவரெல்லாம் அழுக்கு என்று சொல்லி அட்வான்ஸைத் தர மறுக்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?

பதில்: பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம். சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே! கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்கவில்லை என்றால் பாதி வழக்கு போயிற்று. வங்கி வழியே கொடுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்.

பதில்: பாக்கி இருந்தாலும் துண்டிக்கக் கூடாது. வாடகைச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட முடியும். பாக்கியையும் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது 11 மாத ஒப்பந்தம்தான். பதிவு செய்யத் தேவையில்லை என்று தரகர் சொல்கிறார். சரிதானா?

பதில்: தவறு. இந்தத் தரகர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது! 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று இருக்கிறது. அதிலிருந்து தப்பத்தான் 11 மாதக் கணக்கு வந்தது. ஆனால் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, 11 மாதமானாலும் 3 ஆண்டானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவாகாத தாளைச் சாட்சியமாக ஏற்கவும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. இருந்தும் இன்றுவரை யாரோ எப்போதோ தட்டச்சு செய்த பழைய ஒப்பந்தத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, முத்திரைத்தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு மாத வாடகை கமிஷன்! வீட்டுக்காரருக்கு வருமான வரி பயம், குடியிருப்பவருக்கு வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரம். சண்டை வந்த பிறகுதான் இருவரும் அந்தத் தாளைத் தேடுகிறார்கள். பதிவெண் இல்லாத ஒப்பந்தத்தை நம்பி லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சட்டவிரோதமா?

பதில்: மூன்று மாதம்தான் வரம்பு. ஆனால் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று அதே வாடகைச் சட்டம் ஓட்டையும் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்பே பேசிக் குறையுங்கள்.

கேள்வி: தோழிக்குக் கைமாற்றாகக் கொடுத்த சுமார் 40,000 ரூபாய் வரவில்லை. வழக்குச் செலவு அதைவிட அதிகமாகுமே?

பதில்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குத் தொடரும் முன்பே சமரச மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பணம் கொடுத்து, வழக்குக்கான கெடுவான மூன்று ஆண்டு ஆகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். தேதியை நீங்களும் எழுதவில்லை.

கேள்வி: வாடகை அட்வான்ஸுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: வெறும் வீட்டு வாடகை அங்கே எடுபடாது. வீட்டுக்கு வாங்கிய பழுதான குளிர்சாதனப் பெட்டிக்குப் போகலாம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பில்லோடு.